அனாமத்து

மார்ச் முப்பத்தொன்று, இரவு பத்தேகால்.
புதுவயல் இறகுப்பந்து மன்றத்தின் பணப்பெட்டியில்
ஐம்பது ரூபாய் கூடுகிறது.

குறைந்திருந்தால் கவலையில்லை,
சத்தமில்லாமல் என் பர்சிலிருந்து போட்டுப் பூட்டிவிட்டுத்
தூங்கப் போயிருப்பேன்.
மூன்று வருஷமாய் அப்படித்தான்.
கூடுகிற காசை எங்கே கொண்டுபோய் வைப்பது?

புது வலை, விளக்குக் கம்பம்,
அரிசி ஆலைக்குத் தள வாடகை,
செயலாளர் வைரவன் ரசீதில்லாமல் நீட்டிய
'டீ, இதர' நூற்றுப்பத்து:
எல்லாம் நாலு முறை கூட்டியாயிற்று.

குழுவில் கேட்டேன், யாராவது கூடக் கொடுத்தீர்களா என்று.
சந்தா கேட்டால் ஒரு வாரம் திறக்காதவர்கள்
ஒரே நிமிஷத்தில் வந்தார்கள்.
'அக்கா, பிரியாணி' என்றான் தமீம்.
'விட்டுத்தள்ளுங்க, யாருக்குத் தெரியப்போவுது'
இது தலைவர்.

எனக்குத் தெரியுமே.

நோட்டுகளை மறுபடி விரித்தேன்.
பத்து ரூபாய்த் தாள்கள் ஐந்து மட்டும்
சுண்டுவிரல் கனத்துக்குச் சுருட்டி,
மடிப்பில் உமித் தூசு.

நாலாவது ஆள் வராத நாட்களில்
ஆலைப் பக்கம் திரும்பிக் கைதட்டுவோம்.
மூட்டை இறக்கிய தோளைத் துடைத்துக்கொண்டு
வெறுங்காலோடு வந்து ஆடிவிட்டு,
மட்டையைத் திருப்பித் தந்துவிட்டுப் போவார்.
பட்டியலில் இல்லை. குழுவிலும் இல்லை.
சந்தா எவ்வளவு என்று
போன வாரம் ஒருமுறை கேட்டார்.
சிரித்தோம்.

பேரேட்டில் அனாமத்து என்று எழுதி
ஐம்பதை வைத்தேன்.
ஐந்தொகை நின்றது.

காலையில் ரசீதுப் புத்தகத்தோடு
ஆலை வாசலுக்குப் போக வேண்டும்.
போய்,
முதலில் பெயரைக் கேட்க வேண்டும்.