பெயராத இரண்டு

உலைக்களத்துச் சிவப்பு ஜன்னலில் படிந்தால்
மெர்த்தர் டிட்ஃபிலில் நள்ளிரவிலும் அச்சுக் கோர்க்கலாம்.
நான் அந்தச் சபைக்காரன் இல்லை.
பக்கத்துக்கு இத்தனை என்று கூலி.
அவ்வளவுதான் எனக்கும் அந்த வேதத்துக்கும்.

இதெல் பிராசர் தாள் தாளாகக் கொண்டுவருவான்
மழைக்குப் பயந்து சட்டைக்குள் செருகி,
ஆங்கிலத்திலிருந்து எங்கள் வேல்ஷுக்கு.
வரிக்கு வரி வந்து நிற்கும்
"அப்புறம் நடந்தது என்னவென்றால்"
எங்கள் மொழியில் மூன்றே எழுத்து.
ஈயம் மிச்சம் என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

லண்டனில் வார்த்த அச்சுப் பெட்டிக்கு
எங்கள் பசி தெரியாது.
மூன்றாம் நாளே டபிள்யூ தீர்ந்துபோனது.
இரண்டு வீ-யை ஒட்டி வைத்தேன்.
மன்னிக்கட்டும்,
யார் மன்னிக்க வேண்டுமோ அவர்.

ஒரு சொல்லில் இடறினோம்.
"மூலத்தைப் பாரேன்" என்றேன்.
"இல்லை" என்றான்.
அமெரிக்காவில், ஒரு குன்றின் வயிற்றில்
பாறையை நெம்பிப் பெயர்த்து எடுத்த பொன் ஏடுகள்.
மொழியும் பெயர்ந்து முடிந்ததும்
தூதன் வந்து திரும்ப வாங்கிக்கொண்டானாம்.

ஆக
என் தாளை ஆங்கிலத்தோடு ஒப்பிடுகிறேன்.
ஆங்கிலத்தை ஒப்பிட
ஒன்றுமில்லை.

தொப்பிக்குள் கல்லை இட்டு, முகத்தைப் புதைத்து,
இருட்டில் ஒளிர்ந்ததை ஒருவன் சொல்லச் சொல்ல
இன்னொருவன் எழுதினானாம்.
வேறு ஊரில் சிரித்திருப்பார்கள்.
இங்கே என் தம்பிமார் இருவரும்
தொப்பியில் களிமண் அப்பி மெழுகுவத்தி நட்டுக்கொண்டு
தினமும் இருட்டுக்குள் இறங்கித்தான்
ரொட்டி எடுத்து வருகிறார்கள்.

கடைசியை நெருங்கையில், யானைகளுக்குப் பக்கத்தில்
இரண்டு விலங்குகள்.
குரேலம். குமோம்.
ஆங்கிலத்திலும் அதே பெயர். அதற்கு முன்பும் அதுதானோ என்னவோ.
அத்தனையையும் பெயர்த்த வெளிச்சம்
இவற்றை மட்டும் கயிற்றோடு அப்படியே
ஓட்டி வந்துவிட்டது.

இதெல் மூன்று மாலை உட்கார்ந்தான்.
எருது என்று எழுதினான், அடித்தான்.
கோவேறு கழுதை. அதையும் அடித்தான்.
மை துடைக்கிற பொடியன் ஷென்கின் சொன்னான்:
"சுரங்கத்துக் குதிரையா இருக்கும்.
மேலே யாரும் பார்த்ததில்லை,
பாரம் மட்டும் வந்துகிட்டே இருக்கு."

இதெல் பேனாவைத் துடைத்தான்.
"அப்படியே விடு."
எங்கள் பன்மை விகுதியை மட்டும்
வாலாக ஒட்டினோம்.
ஈரத் தாளில் இரண்டும் நின்றன,
எந்த ஊர்ப் புல்லுக்கும் குனியாமல்.

சனிக்கிழமை முதலாளி ஹாப்கின் பெய்னன்
கூலியில் கால் பென்னி பிடித்தான்.
மொழிபெயர்க்காத சொல்லுக்குக்
காசு எதற்கு என்று.
கையை நீட்டியபடியே நின்றேன்:
எழுத்து எழுத்தாக, தலைகீழாக,
அவற்றையும் இந்தக் கைதானே
தூக்கி வைத்தது.