பதினோரு அலறல்

எண்பது வெள்ளி கொடுத்தார்கள்
பதினோரு அலறலுக்கு.
செந்தூலில், மெத்தைக் கடைக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டை அட்டை.
காற்றாடிச் சத்தம் விழுமென்று அதையும் நிறுத்திவிட்டு
"இன்னும் கொஞ்சம் அடிவயித்துலருந்துக்கா" என்றான்
திரவியநாதன்.
இயக்குநர் அவன், தயாரிப்பாளர் அவன்,
மத்தியானம் நாசி லெமாக் வாங்கி வந்தவனும் அவன்.

வாயைத் திறப்பவள் ஓர் ஈப்போக்காரப் பெண்.
குரல் மெல்லிசாம், படத்துக்கு எடுபடாதாம்.
அவள் உதடு விரிந்த இடத்திலெல்லாம்
என் தொண்டையைக் கொண்டுபோய் வைத்தேன்.
மறுநாள் இன்சூரன்ஸ் ஆபீசில்
தொலைபேசியை எடுத்தால் காற்றுதான் வந்தது.

வியாழன் இரவு, ஒன்பதே முக்கால் காட்சி.
டிக்கெட் பதினெட்டு வெள்ளி, என் காசு.
என்னைச் சேர்த்துப் பதினான்கு பேர்.
முதல் இருபது நிமிடம் அவளை என்னென்னவோ செய்கிறார்கள்,
மீதி எழுபது நிமிடம் அண்ணன்காரன்
செம்பனைக் குலை வெட்டும் அரிவாளோடு அலைகிறான்.

"ரத்தமாடா இது? ரோஸ் சிரப்புடா!"
முன்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.
சிரப்தான். கொஞ்சம் கிச்சாப்பும் சேர்த்தது.
எறும்பு மொய்த்து அரைநாள் படப்பிடிப்பு நின்றுபோனதாம்.
என் மூன்றாவது அலறலுக்கு
ஒருத்தி எழுந்து வெளியே போனாள்.
கூட வந்தவன் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு
கடைசிவரை பார்த்தான்.
ஐந்தாவதுக்கு யாரோ சிப்ஸ் பொட்டலம் பிரித்தார்கள்.

இடைவேளை கிடையாது. எனக்குத்தான் தேவைப்பட்டது.
கழிவறைக் கண்ணாடி முன்னால் இரண்டு பெண்கள்:
"வெட்டுறதெல்லாம் சரி, அவ என்ன ஆனா?"
"எவ?"
"அதான், தங்கச்சி."
"செத்துட்டா இல்ல?"
"காட்டவே இல்லயே. ஆஸ்பத்திரியில கண்ணு தொறந்தா."
"அது அவன் கனவுடி."
கை உலர்த்தும் இயந்திரம் நிற்கும்வரை வாதாடினார்கள்.
நான் சோப்பு போட்டேன். மறுபடியும் போட்டேன்.
அன்றைக்கே கேட்டிருந்தேன் திரவியநாதனிடம்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
"அத எழுதலக்கா" என்றான்.

திரும்பி வந்தபோது நாலாமவன் முறை.
கிள்ளான் பக்கம் ஏதோ கிடங்கு. அரிவாள் இறங்குகிறது.
அவன் அலறுகிறான்.

எனக்குத் தெரியும் அந்த அலறலை.
ஏழாவது. நடுவில் ஒரு விக்கல் விழுந்தது,
"இருக்கட்டும்க்கா, நல்லாருக்கு" என்று விட்டுவிட்டான்.
அதே விக்கல்.
வேகத்தைக் குறைத்து, கனத்தைக் கூட்டி,
மீசை வைத்த வாயில் ஒட்டியிருக்கிறான்.

அரங்கே விசிலடித்தது.
சிப்ஸ் தின்றவரும் கை தட்டினார்.
கைப்பை வைத்திருந்தவன் "அப்படிப் போடு" என்றான்.

வெளியே காவலாளிச் சீருடையில் ஒருவர்,
வேலைக்குப் போகும் வழியில் பார்த்தாராம்,
யாரிடமோ போனில் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்:
"நாலாவது ஆளத்தான் சீக்கிரம் முடிச்சிட்டான்.
மொதல்ல கை வெச்சவன் அவன்தானே?
வட்டியோட வாங்க வேணாமா?
ஆனா கத்துனான் பாரு, அது ஆம்பளக் குரல்!"

டிக்கெட் கிழிக்கும் பையன் ஹஃபிஸ்
என்னைப் பார்த்து "ஹந்து படமா, காக்?" என்றான்.
பக்கத்து அரங்கில் பேய்ப்படம்.
அங்கிருந்தவர்கள்
எங்கள் சத்தத்துக்குப் பயந்து புகார் கொடுத்தார்களாம்.
இல்லை என்று தலையசைத்தேன்.
என்ன படமென்று கேட்டான். யோசித்தேன்.
படிக்கட்டு நகர்ந்துகொண்டே இருந்தது.

கடைசி எல்.ஆர்.டி. எதிர் இருக்கையில் யாரும் இல்லை.
திரவியநாதனின் செய்தி:
"படம் எப்படிக்கா? ஜனங்க என்ன சொல்றாங்க?"
நீளமாக எழுதினேன். அழித்தேன்.
செந்தூல் தாண்டும்போது மெத்தைக் கடையில்
விளக்கெரிகிறதா என்று பார்த்தேன்,
இந்தப் பக்கத்திலிருந்து தெரியாது.

பிறகு எழுதி அனுப்பினேன்:
"மொத்தம் பன்னிரண்டு வந்திருக்கிறது தம்பி.
ஏழு வெள்ளி இருபத்தேழு காசு பாக்கி."

கட்டைவிரல் ஒன்று வந்தது.