சீணம்

படிவத்தில் 'களைப்பு' என்று அச்சடித்திருந்தது.
அது இல்லை டாக்டர் என்றேன்.
களைப்பு வேலைக்குப் பின்னால் வரும்,
கூலியை வாங்கிக்கொண்டு போய்விடும்.
எனக்கிருப்பது சீணம்.
நான் எழும்புமுன் எழும்பிக்
கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கும்.

ஸ்ரீகலா டாக்டருக்கு ஊர் தக்கலைதான்.
அச்சடித்ததை வெட்டிவிட்டு
சீணம் என்றே எழுதிக்கொண்டார்.

பதினொரு மாதம் முன்பு, குளச்சல் கரையில்
ஒரு நெய்மீனுக்கு ஏலம் விட்டுக்கொண்டிருந்தேன்.
ஆயிரத்து நானூறு, ஆயிரத்து நானூறு,
ஆயிரத்து நானூற்றி
ஐம்பது வரவில்லை.
வாய் ஒருபக்கம் கோணிற்று என்று பிறகு சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்தது மணல் மட்டும்,
கன்னத்தில், ஈரமாக.

கை வந்தது. கால் வந்தது.
கிறிஸ்துமசுக்கு முன்பே வாய் நேரானது.
செலஸ்டினுக்கு எல்லாம் சரியாச்சு என்று
கோயில் நடையில் பேசி முடித்துவிட்டார்கள்.
அதற்குப் பிறகுதான் இது.

ஒரு கிண்ணம் கழுவினால் படுக்க வேண்டும்.
தலை சீவினால் படுக்க வேண்டும்.
யாராவது நலம் விசாரிக்க வந்தால்
பதில் சொல்லிவிட்டுப் படுக்க வேண்டும்.
காலை இழுத்து நடந்தபோது தோள் கொடுத்தவர்கள்
நேராக நடக்கும்போது கேட்கிறார்கள்,
இனி ஒனக்கு என்ன கேடு?
வறுவேல் கேட்கவில்லை.
வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்,
அவ்வளவுதான்.

வாரம் மூன்று நாள் நாகர்கோவில் பஸ்.
திங்கள்நகர் வருமுன் கண் செருகிவிடும்,
ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்புவார்.

முதலில் ஊசி.
உச்சந்தலையில், முழங்காலுக்குக் கீழே,
பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில்.
வலிக்கா அம்மா என்பான் ரெஜின்.
முள்ளு குத்தாத கையா மக்கா இது?
ஊசிகள் நிற்கும்போதே
எட்டுப்போல் வளைந்த சுருளைக் கொண்டுவந்து
நெற்றிக்கு மேலே இடப்பக்கம் வைப்பார்கள்.
டக் டக் டக் டக்
பெட்டிக்குள் ஐஸ் உடைக்கிற சத்தம்.

தனித்தனியாகச் செய்து பார்த்ததுண்டாம்.
சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு
நாங்கள் இருபத்துநாலு பேர்.
எனக்கு இதில் வியப்பில்லை.
கரைமடியை ஒருபக்கம் மட்டும் இழுத்தால்
மடி புரளும், மீன் போய்விடும்.
இரண்டு கயிற்றிலும் ஆள் வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்:
எங்களில் பாதிப்பேருக்குச் சுருள்
சத்தம் மட்டும் போடும்.
யாருக்கு எது என்று ரெஜினுக்கே தெரியாது.

வெள்ளிதோறும் கேட்பார்கள்,
ஒன்றிலிருந்து ஏழுவரை சீணம் எத்தனை?
ஏழு.
ஏழு, ஏழு, ஏழு. குறைத்துக் கேட்க ஆளில்லை.
நாலாம் வாரம் ஆறரை என்றேன்.
அரை கிடையாது, முழு எண்தான்.
அப்ப ஏழே இருக்கட்டு.

இந்தச் செவ்வாய் அரைக்கிலோ சாளையை
நின்றபடி உரித்துக் கழுவி
மிளகாய் அரைத்துப் போட்டு
அடுப்பைத் தணித்த பிறகுதான் கவனித்தேன்,
நடுவில் படுக்கவில்லை.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் மறுநாளும் உரிக்கச் சொல்வார்கள்.
மறுநாள் எழும்பவே இல்லை, அது வேறு.

அடுத்த மாதம் உறையைப் பிரிப்பார்கள்.
வெறும் சத்தம்தான் என்று வந்தால்
வறுவேல் சொல்லப்போவது தெரியும்:
எல்லாம் ஒன் தலைக்குள்ள இருந்ததாக்கும்.
ஆமா.
அடைப்பும் அங்கேதான் இருந்தது.

இன்று பஸ்ஸில் திங்கள்நகரைப் பார்த்தேன்.
ஒரு கடை வாசலில் நீலக் குடைகள் தொங்கின,
ஒருவன் விலை கேட்டான், கடைக்காரி இறங்கவில்லை.
நல்லது பிள்ளே, இறங்காதே.

உள்ளே போனதும் கேட்டார்கள், எத்தனை?
அஞ்சு, ஒருதரம்.
அஞ்சு, ரெண்டுதரம்.
டாக்டர் பேனாவோடு காத்திருக்கிறார்.
மூணாவதை இன்னும்
வாய்க்குள் வைத்திருக்கிறேன்.