மெழுகுக்கு முன்

சோஹாரில் இரவு பத்தரைக்கு மேல்தான்
காரின் தோலில் கை வைக்க முடிகிறது.
பகலில் அது தோசைக்கல்.
ஊற்றிய சோப்புத் தண்ணீர்
ஊற்றிய இடத்திலேயே வட்டமாய்க் காய்ந்து
தேமல்போல் நின்றுவிடும்.

இரண்டு வாளி.
ஒன்றில் நுரை, ஒன்றில் வெறும் தண்ணீர்.
துணியை அலசாமல் மறுபடி தேய்த்தால்
அழுக்கு போகாது, கீறும்.
புதிதாய் வந்த பிள்ளைகளிடம்
வார்டில் நான் கத்துவதும் இதையேதான்:
ஒருமுறை துடைத்த பஞ்சு
திரும்பப் புண்ணுக்குப் போகக்கூடாது.

வாட்ச்மேன் மொஃபிசுல்
குழாயைத் திறந்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.
"கலாஸ், சிஸ்டர். சுத்தம்."
கண்ணுக்குக் கலாஸ்தான்.
நீலத்தில் தெருவிளக்கு
முழுசாய் விழுந்து கிடக்கிறது.

தக்காளி கட்டிக் கொடுத்த மெல்லிய பையைக்
கையில் மாட்டிக்கொண்டு
பானெட்டைத் தடவுகிறேன்.
வெறும் விரல் ஏமாறும், பை ஏமாறாது.
நறநற.
துறைமுகத்து உருக்காலைப் பக்கமிருந்து
ராத்திரிதோறும் வரும் இரும்புப் பொடி
சுடச்சுட வந்து உட்கார்ந்து
பெயின்டைக் கடித்துக்கொண்டிருக்கிறது.
நரம்பு அகப்படாத முழங்கையில்
கண்ணை மூடிக்கொண்டு தேடுவேனே,
அந்த விரல்களை வரவழைக்க வேண்டியிருந்தது.

மருந்தை அடித்தேன்.
இரண்டு நிமிடம்.
கதவிலிருந்து ஊதா ஊதாவாய் வழிந்தது.
மொஃபிசுல் எழுந்தே நின்றுவிட்டார்.
"என்ன சிஸ்டர், ரத்தமா?"
"இரும்பு, பாய்.
அதிலும் இதுதான் இருக்கு."

பிறகு களிமண்.
சப்பாத்தி மாவுபோல் பிசைந்து தட்டி
வழுக்கும் நீர் தெளித்து
அழுத்தாமல், அழுத்தவே அழுத்தாமல்
இழுக்கவேண்டும்.
முதலில் முனகும்.
அப்புறம் சத்தம் நின்று போகும்.
நின்ற இடத்தை விட்டு அடுத்த இடம்.
மடித்து மடித்துப் பார்த்தால்
களிமண்ணுக்குள் எங்கள் ஊர்க்காற்று முழுவதும்.
எங்கள் ஊர் என்று சொல்லிவிட்டேன், பாருங்கள்.
பதினோரு வருஷம்.

பாதித் துண்டு கைநழுவித் தரையில் விழுந்தது.
எட்டு ரியால்.
ஊதிவிட்டுத் தேய்க்கலாமா என்று ஒரு நொடி
யோசித்தது உண்மை.
ஒரு மணல் போதும், கோடு விழ.
குப்பையில் போட்டேன், மனசில்லாமல்.

ரப்பருக்கு டேப் ஒட்டக் கதவைத் திறந்து
ஓரத்தை நெம்பினால்
அடியில் சிவப்பு.
நல்ல அரக்குச் சிவப்பு.
"ஒரே ஓனர், கம்பெனி பெயின்ட்,
பைபிள் மேல அடிச்சுச் சொல்றேன்"
என்று இந்த எக்கோவை என் தலையில் கட்டிய
ஜெபகனி அண்ணன்
போன வருஷமே ஊருக்குப் போய்விட்டார்.
சிரிப்புத்தான் வந்தது.
அந்தச் சிவப்பின் மேலேயே டேப்பை ஒட்டினேன்.

பின்பக்கக் கீறல் என்னுடையது.
டிரம்முக்குள் ரிவர்ஸ் எடுக்க
ஐந்து முறை தோற்று
ஆறாவதில் லைசென்ஸ் வாங்கிய வாரமே
இதோ இந்தத் தூணில்.
பாலிஷ் எட்டாத ஆழம்.
மெழுகு எதையும் மறைப்பதில்லை,
இருப்பதன் மேல் மூடி போடுகிறது, அவ்வளவுதான்.
அதனால்தான் இத்தனை பாடு.

கடைசியாக ஸ்பிரிட்.
ஊசிக்கு முன் தோலைத் துடைப்பதுபோல்
கட்டம் கட்டமாய்.
எண்ணெய்ப் பசை கொஞ்சம் மிஞ்சினாலும்
மெழுகு ஒட்டாது.
இந்த வாசனை வந்தாலே
என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

டப்பாவைக் கையில் எடுத்தபோது போன்.
பன்னிரண்டு நாற்பது.
லிஜிமோளுக்குக் காய்ச்சல்,
ஐசியூவில் ஆளில்லை, வர முடியுமா?

சீல் உடைக்காத டப்பா
பின் சீட்டில் உருண்டுகொண்டே வந்தது.
ரவுண்டானாவில் காற்று பலமாய்த் திரும்பியது.
ஒன்றும் உடுத்தாத வண்டி.
சிக்னலில் நின்றபோது
ஜன்னல் வழியே கையை விட்டு
கதவின் வெளிப்புறத்தைத் தொட்டேன்.
வழுக்கியது.
இன்னும் கொஞ்சம் கீழே போனேன்.
கடுகில் பாதி இருக்கும்,
விரலில் ஏதோ
தட்டியது.