மூன்றாவது நிறுத்தம்

போன வருஷத்து சீனியர் ரெக்கார்டில்
உடையடிப்பொத்தை
அரைப் பக்கப் படமாக இருந்தது.
பென்சில் நிழல், உச்சியில் ஒற்றைப் பனை,
அளவுக்காகச் சாத்தி வைத்த ஒரு சுத்தியல்.
கீழே அட்சரேகை, தீர்க்கரேகை.
பட்டைகளின் சாய்வு தென்மேற்கே அறுபது டிகிரி.

பணகுடி தாண்டி பஸ் நின்றது.
இருபத்தேழு பேர், ஒன்பது சுத்தியல்,
ஆசிட் பாட்டில் லூர்து கையில், அவனை நம்பி.
காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று
மேப்பையும் பேச்சியின் துப்பட்டாவையும்
ஒரே பக்கமாக இழுத்தது.
ஜிபிஎஸ் பிடித்து முன்னால் போன மாசானமுத்து
கம்பிவேலியில் முட்டி நின்றான்.
"மேடம், இன்னும் நாப்பது மீட்டர் போணும்."
வேலிக்கு அப்பால்
நாற்பது மீட்டரும் ஆகாசம்.

அன்னா, அந்தரத்தில்,
நாங்கள் தேடி வந்த இடம்.
ஒரு பருந்து அதன் வழியே கடந்து போனது.
அடியில் பச்சைத் தண்ணீர்,
கரையில் லாரி,
லாரி நிறைய முக்கால் இஞ்சு ஜல்லி.

லூர்துதான் முதலில் வாய் திறந்தான்.
"ஏல, காத்துக்குச் சாய்வு எடுக்க
கிளினோமீட்டர் வச்சிருக்கியா?"
சிரித்தோம்.
பாதியில் நிறுத்தினோம்.

எடைமேடை ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு
மேடம் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டே வந்தார்.
"ஒரு மணிக்கு வெடி. அதுக்குள்ள ஏறிரணும்."

இறங்க இறங்கத்தான் தெரிந்தது.
மழை தின்று கறுத்த மேல்தோல் இல்லை இது,
நேற்று பிளந்த சுவர்.
வெள்ளையும் சாம்பலும் மடிந்து மடிந்து
கலைத்துப் போட்ட சேலை அடுக்கு மாதிரி,
இல்லை, ஃபீல்டு நோட்டில் உவமை கூடாது.
நைஸ் பாறை.
(நைஸ் என்றால் மாவு போல இருக்கும் என்று
முதல் செமஸ்டரில் நினைத்திருந்தேன்.)
இடையிடையே கார்னெட், விட்டம் நாலு மில்லிமீட்டர்,
மாதுளம்
அடித்துவிட்டேன்.

லூர்து ஒரு சொட்டு ஆசிட் விட்டான்.
பொங்கவில்லை.
பொங்காது என்று அவனுக்கும் தெரியும்.

ஐம்பது கோடி வருஷத்துக்கு மேல் என்கிறார்கள்.
பூமிக்குள் எங்கோ இருபது கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து
மெல்ல மெல்ல மேலே வந்து
நேற்று மத்தியானம்வரை வெயிலே பாராதது.
உள்ளங்கையை வைத்தேன்.
சுட்டது.

பொத்தையை உடைக்காமல் விட்டிருந்தால்
நான் இதைப் பார்த்திருக்க மாட்டேன்.
இந்த வரியை எங்கே எழுத,
அவதானிப்பிலா, முடிவிலா?
எந்தத் தலைப்பின் கீழும் இடமில்லை.
ஹாஸ்டல் சுவரில்
இந்தப் பொத்தை எத்தனை யூனிட் இருக்கும் என்றாள் பேச்சி.
யாரும் கணக்குப் போடவில்லை.

சைரன் ஊதியதும் ஏறினோம்.
பழைய தினசரித் தாளில் சுற்றிய சாம்பிள்கள்
மடியில் கனத்தன.
பஸ் ஜன்னல் ஒருமுறை அதிர்ந்தது.
புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த கைகள்
சற்று நின்று, மறுபடி பிரித்தன.
நான் அளந்த சுவர் இப்போது இல்லை.

சாய்வு அறுபத்திரண்டு டிகிரி, தென்மேற்கு.
எடுத்த நேரம் பன்னிரண்டு முப்பத்தைந்து.

பாறைக்கு நேரம் குறிக்கும் வழக்கம் கிடையாது.
குறித்தேன்.