பேர் இல்லாத நாள்

மாதத்தில் ஒரு நாள் எனக்குப் பல்வலி.
கணக்கப்பிள்ளை செக்ரோலில்
அந்தக் கட்டத்தை வெறுமையாய் விடுவார்.
பேர் இல்லை. பேர் இல்லையென்றால் கூலி இல்லை.
பதுளைக்குப் போனால்
அங்கேயும் பேர் இல்லை,
நானூற்றுப் பதினேழு என்றால்
எழுந்து போக வேண்டும்.

போக வர பஸ் காசு,
ஒரு பிளேன்டீ, ஒரு பனிஸ்,
பறிக்காத கொழுந்து.
இலவச மருந்தின் விலையை
இப்படித்தான் கூட்டிப் பார்ப்பேன்.

வந்ததும் முதல் வேலை
போத்தலின் லேபலைச் சுடுதண்ணியில் உரிப்பது.
பிறகு உள்ளே பஞ்சு திணிப்பது.
லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை.
லூர்துமேரி இருமினால் என் விளக்கு ஆடும்.
முப்பது குளிசை குலுங்கினால்
அவளுக்குக் கேட்காதா?

எட்டு மணிக்கு
அவள் காம்பராவில் நாடகத்தின் பாட்டுத் தொடங்கும்.
எனக்குக் கடிகாரம் அதுதான்.
கரண்ட் இல்லாத இரவில்
கடைசி பஸ்ஸின் ஹோர்ன்.

ஐப்பசியில்
பத்தாம் கட்டையில் மலை இறங்கி
ரோட்டில் படுத்துக்கொண்டது.
பஸ் இல்லை.
போத்தலில் மூன்று.
ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால்
ஆறு நாள் ஓடும்.
சவர்க்காரத்தை நூலால் அறுத்து
இரண்டு மாதம் ஓட்டிய கைக்கு
இந்தக் கணக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஆனால் சந்தமாலி மிஸ்ஸி
தன் உடைந்த தமிழில் சொல்லியிருந்தாள்:
"அக்கா, இது மட்டும் மிச்சம் பிடிக்க வேணாம்.
மிச்சம் பிடிச்சா
கிருமி படிச்சிக்கும்."

மூன்று இரவும் மூன்றைப் போட்டேன்.
நாலாம் நாள் இருட்டோடு
செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு
சரிவுக்கு மேலால் நடந்தேன்.
அந்தப் பக்கம் நின்ற த்ரீவீல்காரன்
"எங்கக்கா, சாவு வீடா?" என்றான்.
"பல்வலி."

மிஸ்ஸி என் காலைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று போத்தல் எடுத்து வைத்தாள்,
இனி மழை விட்டு வந்தால் போதும் என்றாள்.
போன முறை எடுத்த இரத்தத்தின் துண்டைத் திருப்பி
விரல் வைத்துக் காட்டினாள்.
கிருமி காணவில்லை.

போயிட்டுதா?
"இல்லக்கா. இருக்கு. ஒளிஞ்சிருக்கு.
நீங்க விட்டா வரும்."

ஒளிந்திருப்பது எப்படியென்று
எனக்குத் தெரியாதா.

தை மாதம் பிரட்டுக்களத்தில்
கணக்கப்பிள்ளை தலையைத் தூக்கினார்.
"ரெண்டு மாசமா ஒரு பேரும் விடல்ல.
பல்லு சரியாயிட்டுதா?"
சட்டைப்பையில் துழாவி
ஒரு கராம்பை நீட்டினார்.

முப்பத்திரண்டும் இருக்கிற வாயில்
போட்டுக்கொண்டேன்.
நல்ல காரம்.