பெரிய பொத்தான்

சனிக்கிழமை, காலை ஏழே முக்கால்.
பொத்தானை அழுத்தினேன்.
விசிறி இல்லை, விளக்கு இல்லை,
தொண்டையைச் செருமுவது போல் வரும்
அந்த ஒற்றை 'பீப்' கூட இல்லை.
இன்னொரு முறை அழுத்தினேன்,
கொஞ்சம் மரியாதையாக.

வெளியே சிலோயேத் தீவின் மழை
தகரக் கூரையோடு தீராத வழக்கு பேசியது.
கூடத்தில் சிப்பி உடைக்கும் முப்பத்தெட்டுப் பெண்கள்.
வாரம் முழுக்க அவர்கள் உடைத்த கிலோக்கள்
இந்தச் சாம்பல் பெட்டிக்குள்.
பன்னிரண்டு மணிக்குக் கூலி.

ஸெனோபியோவுக்குப் போன் போட்டேன்.
அவன் கால்வாயின் அக்கரையில்.
புயல் என்று துறைமுகத்தை மூடிவிட்டார்கள்,
படகு நாளைக்கும் சந்தேகம்.
"நீயே பார், அபெலார்தோ. நான் சொல்கிறேன்."
நான் கணக்கு எழுதுகிறவன்.
பல்பு மாற்றவே நாற்காலியோடு சண்டை போடுகிறவன்.

"சுவரில் கரண்ட் இருக்கிறதா?"
கெட்டிலைச் சொருகினேன். தண்ணீர் முனகியது. இருக்கிறது.
"கேபிள்?"
பிரிண்டரின் கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். அதே மௌனம்.
"பின்பக்கம் ஒரு குட்டி சுவிட்ச் இருக்குமே."
மேசைக்கடியில் தவழ்ந்து தடவினேன்.
பதினொரு வருஷம் முகம் பார்த்துப் பழகியிருக்கிறேன்,
இதற்கு முதுகில் ஒரு சுவிட்ச் இருப்பது இன்றுதான் தெரியும்.
அது சரியாகத்தான் இருந்தது.
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னான்.
உப்பு பூத்த திருகுகள்.
உள்ளே விறகடுப்பின் கரி, பஞ்சு பஞ்சாய்த் தூசி,
எந்த வெளிச்சத்தை நம்பி வந்ததோ
ஒரு செத்த அந்துப்பூச்சி.
மெமரிப் பட்டையைக் கழற்றித் திரும்பச் செருகினேன்,
இரண்டு முனையிலும் 'டக்' கேட்கும் வரை.
கேட்டது. பலன் இல்லை.

சம்பளக் கவர்களிலிருந்து ஒரு பேப்பர் கிளிப்பை எடுத்து நிமிர்த்தி
தடித்த வயர்க்கற்றையின் முனையைப் பலகையிலிருந்து உருவி
பச்சைக்கும் கறுப்புக்கும் பாலம் போட்டு
பிளக்கை மாட்டினால்
விசிறி சுற்றுகிறது!
நான் போட்ட கூச்சலில் ஒத்தீலியா உள்ளே வந்துவிட்டாள்,
ரப்பர் பூட்ஸும் கத்தியுமாக.
"பெட்டியைப் பிளந்துவிட்டீர்களா?
பார்த்து, எங்கள் கிலோ கொட்டிவிடப் போகிறது."

"பவர் சப்ளை சாகவில்லை," என்றான் ஸெனோபியோ
கொலை விசாரிக்கிறவன் குரலில்.
"எல்லாவற்றையும் பழையபடி மாட்டு.
பலகையின் கீழ் மூலையில் ஊசி ஊசியாய் நிற்கும்.
முன்பொத்தானின் வயரை அதிலிருந்து உருவு.
அந்த இரண்டு ஊசியையும் கூரான எதனாலாவது தொடு.
ஒரு கணம். ஒரே கணம்."

என் ஸ்குரூடிரைவர் கட்டை விரல் தடிமன்.
ஒத்தீலியா கத்தியை நீட்டினாள்.
ஈரம் போகத் துடைத்தேன். கை நடுங்கியது.
"தாருங்கள்" என்று அவளே வாங்கிக்கொண்டாள்.
நிமிஷத்துக்கு இருபது சிப்பியின்
மூடிய உதட்டைத் தேடிப் பழகிய நுனி
போய்த் தொட்டது, விலகியது.

பீப்.

"அப்படியானால் பொத்தான்தான்," என்றான். "பொத்தான் மட்டும்தான்."
பக்கத்தில் கடுகளவு ரீசெட் பொத்தான்,
இத்தனை வருஷத்தில் யாரும் தொடாதது.
அதன் வயரைக் கொண்டுவந்து இங்கே மாட்டினோம்.

கூலி பன்னிரண்டு இருபதுக்கு.
கையெழுத்துப் போடும்போது ஒத்தீலியா கேட்டாள்:
"அந்தப் பெரிய சிப்பியைத் திறந்ததற்கு எவ்வளவு?"
பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை என்றேன்.
முறைத்தாள். நியாயம்தான்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார்.
கோட்டைக் கழற்றாமலே பெரிய பொத்தானை அழுத்தினார்.
மறுபடி அழுத்தினார்.
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
நான் அடுப்புக்கு விறகு வைத்துக்கொண்டிருந்தேன்,
ஒவ்வொரு கட்டையாக.